மொய் எழுதாமல் கை கழுவுகிறவர்கள்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். ஒரு பீர் சமாச்சாரத்தில் ஆரம்பித்த வாய்த்தகராறு வாட்ஸப் குழுமத்துக்குப் போய், ஆளாளுக்கு என்னை வறுத்தெடுத்து, பதிலுக்குத் தட்டித் தட்டிக் கட்டைவிரல் வீங்கிப் போச்சு. சரி, இதுக்கு ஒரு பதிவே போட்டுத் தொலைக்கலாம்னு உக்காந்துட்டேன். நீளமான பதிவுங்க. டீ எடுத்துட்டு வந்துடுங்க.

விஷயம் இதுதான். 2025 அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. சியாட்டில்ல பாலர்ட் பக்கம் நான் இருக்கும் அபார்ட்மெண்ட்டிலிருந்து நாலு நிமிஷ நடையில் ஒரு சின்ன பப் இருக்கு. பெரிய கடையெல்லாம் இல்லை. பத்துப் பன்னிரண்டு மேசை, ஒரு டார்ட் பலகை, எப்பவும் ஒரே ஸ்டூலில் உக்காந்திருக்கும் ரெண்டு தாத்தாக்கள். அன்னிக்கு வாசல்ல கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வெச்சிருந்தாங்க. இன்று விற்கும் ஒவ்வொரு பைண்ட் பீருக்கும் ஒரு டாலர் உள்ளூர் பொது வானொலிகளுக்கு. கேயூஓடபிள்யூ, கேஎன்கேஎக்ஸ், கேஇஎக்ஸ்பி, மூணுக்கும் சமபங்கு.

சென்னையிலும் துபாயிலும் இருந்து படிக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பொது வானொலின்னா நம்ம ஆல் இந்தியா ரேடியோ மாதிரி அரசாங்கம் நடத்துறது இல்ல. சூரியன், மிர்ச்சி மாதிரி லாபத்துக்கு நடத்துறதும் இல்ல. கேட்கிறவங்க கொடுக்கும் நன்கொடை, உள்ளூர் கம்பெனிகளின் ஆதரவு, அறக்கட்டளைகள், அப்புறம் கொஞ்சம் அரசு மானியம், இதுல ஓடுற வண்டி. விளம்பரம் போடக் கூடாது. "இன்ன கடை ஆதரவளிக்கிறது"ன்னு சொல்லலாம். "ஊர்லயே பெஸ்ட் பீர், உடனே வாங்க, ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்"னு சொன்னா எஃப்சிசி காதைத் திருகும். மேல சொன்ன மூணுல கேயூஓடபிள்யூ முழுக்கச் செய்தி, கேஎன்கேஎக்ஸ் பாதி செய்தி பாதி ஜாஸ், கேஇஎக்ஸ்பி முழுக்கப் பாட்டு.

நான், என் பழைய ரூம்மேட் மதுரைக்காரன், இன்னும் ரெண்டு பொட்டி தட்டும் கோஷ்டிகள். நாலு பேரும் போனோம், குடிச்சோம். கூட்டம் நல்ல கூட்டம். சனங்க சந்தோஷமா இருந்தாங்க. யாரோ கேஇஎக்ஸ்பி டிஷர்ட் போட்டுட்டு வந்திருந்தாங்க, அவங்களுக்கு ஒரு கைத்தட்டல். கிளம்பும்போது பார்ல நின்னவர்கிட்ட எவ்ளோ ஓடுச்சுன்னு கேட்டேன். நாலு பீப்பாய் காலி, அஞ்சாவது போயிட்டிருக்குன்னார். ஒரு முழு பீப்பாய் பதினஞ்சரை காலன், அதாவது 124 பைண்ட். நுரை, சிந்தல் எல்லாம் கழிச்சா 120 வெச்சுக்கலாம். நாலு பீப்பாய்க்கு 480 டாலர். மூணு ஸ்டேஷனுக்குப் பிரிச்சா ஆளுக்கு 160.

நல்ல காரியம். சிரிக்கிற காரியமே இல்ல. சின்ன பப்புக்கு ஒரு பைண்ட்டில் ஒரு டாலர்ங்கிறது சாதாரண விஷயமில்ல, வாடகை, சம்பளம், வரி எல்லாம் போக மிஞ்சுற காசுல இருந்துதான் அது வருது. அந்த முதலாளிக்கு ஒரு கும்பிடு.

வெளிய வந்து நடக்கும்போது நம்ம மதுரைக்காரன் திருவாய் மலர்ந்தான் பாருங்க, அங்கதான் ஆரம்பிச்சது வினை.

"பாத்தியா மச்சி, கவர்மெண்ட் காசை நிறுத்தினா ரேடியோ செத்துடும்னு எப்டிக் குதிச்சானுங்க? இப்ப என்னாச்சு? சனங்களே பாத்துக்கறாங்கல்ல? இதைத்தான் அன்னிக்கே சொன்னேன், வேணுங்கிறவன் காசு குடுத்துக் கேக்கட்டும்னு."

நாலு பைண்ட் ஏத்திக்கிட்டு ஒரு மனுஷன் இவ்ளோ தெளிவாத் தப்பாப் பேச முடியுமான்னு எனக்கு ஆச்சரியம். இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பதில்.

முதல்ல என்ன நடந்துச்சுன்னு சுருக்கமா. 1967ல் ஜான்சன் ஜனாதிபதியா இருந்தப்போ ஒரு சட்டம் வந்துச்சு. சிபிபின்னு ஒரு பொது ஒலிபரப்புக் கழகம். காங்கிரஸ் காசைக் கழகத்துக்குக் கொடுக்கும், கழகம் ஸ்டேஷன்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கும். அரசியல்வாதி கை நேரா மைக் மேல படக்கூடாதுங்கிறதுக்காக நடுவுல வெச்ச சுவர் அது. 1,500க்கும் மேற்பட்ட ரேடியோ, டிவி நிலையங்கள் இதுல பயனடைஞ்சுது. 2025 ஜூலையில் அடுத்த ரெண்டு வருஷத்துக்குன்னு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த சுமார் 107 கோடி டாலரை அப்படியே திரும்ப எடுத்துக்கிட்டாங்க. செனட்டில் 51க்கு 48, கீழ்ச்சபையில் 216க்கு 213. மூணே மூணு ஓட்டு வித்தியாசம். ஜூலை 24ல் கையெழுத்து. ஆகஸ்ட்டில் கழகம் கடையை மூடுறதா அறிவிச்சுது, 2026 ஜனவரியில் நிர்வாகக் குழு கழகத்தையே கலைக்க ஓட்டுப் போட்டுது. அம்பத்தெட்டு வருஷக் கதை முடிஞ்சுது.

இப்ப கணக்குக்கு வருவோம். நாமெல்லாம் இன்ஜினியரிங் படிச்சதா சொல்லிக்கிறோமே, அதுக்காகவாவது.

107 கோடியை ரெண்டு வருஷத்துக்குப் பிரிச்சா வருஷத்துக்குச் சுமாரா 53.5 கோடி டாலர். அமெரிக்க மக்கள்தொகை 34 கோடி. தலைக்கு ஒண்ணரை டாலர் சொச்சம். ஒரு வருஷத்துக்கு. இதை பீர்ல எடுக்கணும்னா, பைண்ட்டுக்கு ஒரு டாலர் வீதம், 53.5 கோடி பைண்ட். பீப்பாய்க் கணக்குல 43 லட்சம் பீப்பாய். ஒவ்வொரு வருஷமும். ஒவ்வொரு பப்பும் இந்த பாலர்ட் பப் மாதிரி ஒரு சாயந்திரத்துக்கு நாலு பீப்பாய் காலி பண்ணினா, நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேல சாயந்திரங்கள் வேணும். அத்தனை கல்லீரல் தேசத்துல இல்ல அப்பு.

"ஏன்டா, பீர் மட்டுமா? பணக்காரங்க குடுப்பாங்க, அறக்கட்டளை குடுக்கும்"னான். கொடுத்தாங்க, இல்லங்கல. 2025 கோடையில் நன்கொடை எகிறினது உண்மை. நைட், மெக்கார்தர் மாதிரி பெரிய அறக்கட்டளைகள் சேர்ந்து தத்தளிக்கிற ஸ்டேஷன்களுக்குன்னு ஒரு இடைக்கால நிதியும் போட்டாங்க. இடைக்காலம்ங்கிற வார்த்தையைக் கவனிங்க. வீட்ல சாவு விழுந்தா முதல் பதினாறு நாள் ஊரே சோறு கொண்டாந்து கொடுக்கும். பதினேழாவது நாள்?

சியாட்டில் தப்பிச்சுக்கும், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. இங்க காசு இருக்கு, கம்பெனி இருக்கு, ஐபிஏ குடிக்கிற கூட்டம் இருக்கு. மதுரைக்காரன் பார்த்தது சியாட்டிலை. அதை வெச்சு அவன் தீர்ப்பு எழுதினது தேசம் முழுமைக்கும். நம்ம லேப்டாப்ல ஓடுதுன்னு புரொடக்‌ஷன்ல ஏத்தி விடுற ஜாதி.

வாங்க, அலாஸ்கா போவோம். மேற்கு அலாஸ்காவில் பெத்தல்னு ஒரு ஊர். ஆறாயிரம் பேர் சொச்சம். ரோடு போட்டு வெளி உலகத்தோட இணைக்காத ஊர். விமானம், படகு, குளிர்காலத்தில் உறைஞ்ச ஆத்து மேல வண்டி. அங்க கேஒய்யூகேன்னு 1971ல் இருந்து ஒரு ஸ்டேஷன். சுத்தியுள்ள அம்பதுக்கும் மேற்பட்ட பழங்குடிக் கிராமங்களுக்கு அதுதான் செய்தி. ஆங்கிலத்திலும் யூபிக் மொழியிலும் பேசுது. அதோட வருமானத்துல சுமார் 70 சதவீதம் சிபிபி கொடுத்தது. எழுபது. நம்ம கேயூஓடபிள்யூ மாதிரி சில்லறை சதவீதம் இல்ல.

2025 அக்டோபர் ரெண்டாம் வாரத்துல ஹாலோங் புயலோட மிச்சம் அந்தக் கரையில் அடிச்சுது. கிப்னுக், குவிகிலிங்கோக் ரெண்டு கிராமங்களில் வீடுகளே மிதந்து போச்சு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சனங்களை விமானத்துல ஏத்தி பெத்தலுக்கும் ஆங்கரேஜுக்கும் கொண்டு போனாங்க. அந்த நேரத்துல யார் எங்க இருக்காங்க, எங்க போகணும், அடுத்த விமானம் எப்பன்னு யூபிக் மொழியில் சொல்றதுக்கு இருந்தது அந்த ரேடியோதான். நாங்க பாலர்ட்ல பைண்ட் தூக்கினதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நடந்த கதை இது.

இப்ப மதுரைக்காரனுக்கு என் கேள்வி. பெத்தல் பக்கம் உன் பீர் திட்டத்தை எப்டிடா நடத்துவே? அந்த டெல்டா கிராமங்கள் பலதிலும் மதுவிலக்கு. ஊர் மக்களே ஓட்டுப் போட்டு சாராயம் விக்கவும் கொண்டு வரவும் கூடாதுன்னு வெச்சிருக்காங்க, குடியால அவ்ளோ பட்டிருக்காங்க. பப்பே இல்லாத ஊர்ல பைண்ட்டுக்கு ஒரு டாலர்! இதுக்கு அவன் அன்னிக்கு ராத்திரி பதில் சொல்லல. மறுநாள் வாட்ஸப்ல ஒரு ஜிஃப் போட்டான்.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். 2025 ஜூலை 16ல், செனட்டில் இந்த விவாதம் ஓடிட்டிருந்த அன்னிக்கே, அலாஸ்காவில் 7.3 அளவு நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை. அலாஸ்கா செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கி குடியரசுக் கட்சிதான். அந்த எச்சரிக்கையை ஊர்களுக்குக் கொண்டு சேர்க்கிறது இந்தப் பொது வானொலிகள்தான்னு எடுத்துச் சொல்லி, தன் கட்சிக்கு எதிரா ஓட்டுப் போட்டாங்க. தோத்தாங்க. கடலே சாட்சி சொல்ல வந்தும் கேஸ் தோத்துப் போன கதை.

குழுமத்துல அடுத்த குண்டு: "என்பிஆர் ஒரு சார்பா பேசுது. என் வரிக்காசுல எதுக்கு?" நல்ல கேள்வி. என்பிஆர்ல எனக்கும் கடுப்பேத்துற சமாச்சாரங்கள் உண்டு. இந்தியா பத்தி ரெண்டு நிமிஷம் பேசினா ஒண்ணரை நிமிஷம் டிராபிக் ஹாரன் சத்தம் போடுவாங்க. ஆனா என்பிஆருக்கு நேரடியா மத்திய அரசிலிருந்து போன காசு அதன் வருமானத்துல ஒரு சதவீதம் அளவுதான். சிபிபி காசுல பெரும்பங்கு, எழுபது சதவீதத்துக்கும் மேல, உள்ளூர் ஸ்டேஷன்களுக்குப் போச்சு. உனக்குக் கோபம் வாஷிங்டன்ல இருக்கற என்பிஆர் மேல, அடி விழுந்தது பெத்தல் மேல. மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதைதான். அதுலயும் மூட்டைப்பூச்சி சாகல, அது பக்கத்து வீட்டுக் கட்டில்ல சௌக்கியமா இருக்கு.

அது போக, கண்ணுக்குத் தெரியாத வேலைகள் இருக்கே. பாட்டுப் போட உரிமைக் கட்டணம் கட்டணும் இல்லையா, அதை எல்லா ஸ்டேஷனுக்கும் சேர்த்து மொத்தமாப் பேரம் பேசி முடிச்சுக் கொடுத்தது சிபிபி. இனி ஒவ்வொரு குட்டி ஸ்டேஷனும் தனித்தனியா வக்கீல் வெச்சுப் பேசறதைக் கற்பனை பண்ணுங்க. நம்ம பாஷையில் சொன்னா, எல்லாரும் சத்தமில்லாமப் பயன்படுத்திட்டிருந்த ஒரு லைப்ரரியை ஒரு ராத்திரியில் யாரோ அழிச்சுட்டாங்க. பில்ட் உடனே உடையாது. ஆறு மாசம் கழிச்சு உடையும், அப்ப எவனுக்கும் காரணம் ஞாபகம் இருக்காது. பீர் டாலர்ல யார் வேணா மைக் வாங்கலாம், இந்த மாதிரி பிளம்பிங் வேலைக்கு எந்த பப்பும் விசேஷம் வைக்காது.

குழுமத்தில் ஒரு அண்ணன், குடிக்காதவர், நல்ல மனுஷன். "ஏம்ப்பா, தர்மம் பண்றதுக்குக் குடிச்சுத்தான் பண்ணணுமா? ரேடியோ பேரைச் சொல்லிக் கடைக்காரன் சரக்கு விக்கிறான்"னார். அவருக்கு மரியாதையோட ஒண்ணு சொல்றேன். ஊர்ல அரசாங்கமே கடை வெச்சு வித்து அந்தக் காசுல திட்டம் போடுது. 2003லிருந்து டாஸ்மாக் சில்லறைக் கடையே அரசாங்கத்தோடதுதான். அந்தக் காசுல கட்டின பாலத்துல அண்ணன் போகாமலா இருந்தார்? இருந்தாலும் அவர் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கு. அன்னிக்கு நான் குடிச்ச பைண்ட் ஒவ்வொண்ணும் எட்டு டாலருக்கு மேல. டிப்ஸ் தனி. அதுல ரேடியோவுக்குப் போனது ஒண்ணு. நான் என்னவோ கேயூஓடபிள்யூவைக் காப்பாத்தின மாதிரி நெஞ்சை நிமித்திட்டு நடந்தேன். சொல்லப்போனா அந்த ஒரு டாலர் கூட என் நன்கொடை இல்ல, பப்போட நன்கொடை. நான் கொடுத்தது பீருக்கு விலை.

இதை எனக்குப் புரிய வெச்சது எங்க அம்மா ஊர்ப் பழக்கம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆடி வந்தா மொய் விருந்து. காசு தேவைப்படறவர் பந்தல் போட்டு, பத்திரிகை அடிச்சு, கறிச்சோறு போடுவார். ஊர் வந்து சாப்பிட்டு மொய் எழுதும். எழுதினதெல்லாம் நோட்டுல ஏறும். நாளைக்கு அவங்க விருந்து வெச்சா இவர் போய்க் கூடப்போட்டுத் திருப்பிச் செய்யணும். கடைவைக்கிறது, கடன் அடைக்கிறது, கல்யாணம் எல்லாமே இதுல நடக்கும். சின்ன வயசுல மாமாகூட அப்படி ஒரு விருந்துக்குப் போயிருந்தேன். ஒருத்தர் நல்லா ரெண்டு தடவை கறி வாங்கிச் சாப்பிட்டுட்டு, கை கழுவிட்டு, மொய் மேசைப் பக்கம் தலையே வெக்காம பந்தல் பின்பக்கமா நழுவிட்டார். மாமா ஒண்ணும் சொல்லல. "நோட்டுல அவர் பேர் இருக்காது"ன்னார், அவ்ளோதான். அந்த ஊர்ல அதுக்கு மேல ஒரு வசவு கிடையாது.

பப்பில் நடந்தது மொய் விருந்துதான். பீர்தான் கறிச்சோறு. சாப்பாடு முடிஞ்சுது, மொய் எழுதினோமா? பப் முதலாளி எழுதினார். நாம கை கழுவினோம்.

இனி என் பங்கு அசிங்கத்தையும் சொல்லிடறேன், இல்லாட்டி இந்தப் பதிவு வெறும் உபதேசம் ஆயிடும். அஞ்சு வருஷமா காலையில் ஆபீஸ் போகும்போது கேயூஓடபிள்யூ, திரும்பி வரும்போது கேஎன்கேஎக்ஸ் ஜாஸ். நான் வளர்ந்த காலத்துல தனியார் எஃப்எம்ல சொந்தமா செய்தி சொல்ல அனுமதி கிடையாது. எஃப்எம்னா சினிமாப் பாட்டு, காமெடி, காலர் டியூன், அவ்ளோதான். இங்க வந்து முதல் தடவையா ரேடியோல ஒரு நிருபர் என் ஊர் பள்ளிக்கூட போர்டு மீட்டிங்கைப் பத்தி ஆறு நிமிஷம் பேசினதைக் கேட்டப்போ, இதெல்லாமா செய்தின்னு இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. அப்புறம் அது இல்லாம ஆகாதுன்னு ஆயிடுச்சு. வருஷத்துக்குச் சில தடவை நிதி திரட்டுற வாரம் வரும், "நீங்களும் கொடுங்க"ன்னு கெஞ்சுவாங்க. நான் என்ன பண்ணுவேன்? ஸ்பாட்டிஃபைக்கு மாறிடுவேன். அந்த வாரம் முடிஞ்சதும் திரும்பி வருவேன். அஞ்சு வருஷம். அஞ்சு பைசா கொடுக்கல.

2024 நவம்பர் 19 ராத்திரி. அப்ப நாங்க சமாமிஷ்ல ஒரு வீட்டை ஷேர் பண்ணிட்டிருந்தோம். அன்னிக்கு அடிச்ச காத்து ஞாபகம் இருக்கும், பாம் சைக்ளோன்னு பேர் வெச்சாங்க. மரமெல்லாம் கரண்ட் கம்பி மேல. ஈஸ்ட்சைட் முழுக்க இருட்டு. எங்களுக்கு நாலு நாள் கரண்ட் இல்ல. வைஃபை செத்துச்சு, செல் டவரும் கொஞ்ச நேரத்துல படுத்துச்சு. மூணு பேர் சாஃப்ட்வேர் இன்ஜினியர், கிளவுட்ல வேலை பாக்கறவங்க, வீட்ல ஒரு மெழுகுவத்தி கிடையாது. கடைசியில் வாசல்ல நிறுத்தியிருந்த கார்ல போய் உக்காந்து ரேடியோ போட்டோம். எந்த ரோடு அடைச்சிருக்கு, எங்க வெதுவெதுப்பான ஹால் திறந்திருக்கு, ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள வெச்சு ஓட்டாதீங்க, கரி அடுப்பை உள்ள கொண்டு போகாதீங்க, புகையில்லாமலே ஆளைக் கொல்லும்னு திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருந்தாங்க. அந்தக் கடைசி அறிவிப்பைக் கேட்டப்போ மதுரைக்காரன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். சாயந்திரம்தான் பார்பிக்யூ அடுப்பை கராஜுக்குள்ள இழுத்து வெச்சு, குளிர் காயலாம்னு பிளான் போட்டிருந்தோம்.

ஆமாங்க, அதே மதுரைக்காரன்தான். "வேணுங்கிறவன் காசு குடுத்துக் கேக்கட்டும்"னு சொன்ன அதே ஆள். அன்னிக்கு ராத்திரி நமக்கு வேண்டியிருந்துச்சு. காசு கொடுத்தவன் எவனோ. வேணும்னு தெரியறதே வேண்டிய அந்த நிமிஷத்துலதான், அப்ப போய் ஸ்டேஷன் கட்ட முடியாது. இதை மார்க்கெட் எப்டி விலை போடும்? பாட்காஸ்ட் இருக்கு, யூட்யூப் இருக்குன்னு சொல்றவங்களுக்கும் இதே பதில்தான். டவர் விழுந்தா ரெண்டும் இல்ல.

சரி, "சனங்க காப்பாத்துவாங்க"ங்கிறதுக்கு இந்த ஊர்லயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். கேஎன்கேஎக்ஸ் முன்னாடி கேபிஎல்யூன்னு இருந்துச்சு. டகோமா பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தோட ஸ்டேஷன். 2015 நவம்பரில் அதை வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது கேயூஓடபிள்யூ கோஷ்டிக்கு, விக்கப் போறதா அறிவிச்சாங்க. செய்திப் பிரிவு காலி ஆகிற நிலைமை. கேக்கறவங்க கொதிச்சு எழுந்தாங்க. கடைசியில் "2016 ஜூன் முடியறதுக்குள்ள 70 லட்சம் டாலர் கொண்டாங்க, உங்களுக்கே கொடுக்கறோம்"னு சொல்ல, மே மாசமே சேர்த்துட்டாங்க. ஆகஸ்ட் கடைசியில் புதுப் பேர். கேஎன்கேஎக்ஸ்னு உரக்கச் சொல்லிப் பாருங்க, கனெக்ட்ஸ்னு வரும். எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை.

ஆனா அது ஒரு தடவை, ஒரு ஸ்டேஷன், பணக்கார ஊரு. ஸ்டேஷனை வாங்க ஒரு தடவை 70 லட்சம். நடத்துறதுக்கு வருஷா வருஷம் காசு வேணும். தீப்பிடிச்சா வாளியோட ஓடி வர்ற ஊர், குழாய் ரிப்பேருக்கு வராது.

தோத்த கதையும் இதே ஊர்ல உண்டு, அதை யாரும் பேசறதில்ல. 1962ல் லொரென்சோ மைலம்னு ஒரு கிறுக்கர், நல்ல அர்த்தத்துல சொல்றேன், ஒரு பழைய டோனட் கடைக்குள்ள கிராப்னு ஒரு ஸ்டேஷன் ஆரம்பிச்சார். 107.7. கேக்கறவங்க ஆதரவை நம்பி நடந்தது. வேற எந்த ஸ்டேஷனும் தொடாத உலக நாடுகளின் இசை, வேற எவனும் மைக் கொடுக்காத ஆளுங்க பேச்சு. இருபத்தோரு வருஷம் இழுத்துப் பிடிச்சாங்க. 1984ல் அலைவரிசை கைமாறிடுச்சு, வியாபார ரேடியோ ஆயிடுச்சு. வித்த காசுல கலைக்கூடம் நடத்தினாங்க, எவரெட்ல வேற சின்ன ஸ்டேஷன் ஆரம்பிச்சாங்க, அதெல்லாம் சரி. 107.7 திரும்பி வரவே இல்ல. எஃப்எம் பட்டையில் 88லிருந்து 92 வரைதான் லாப நோக்கில்லாதவங்களுக்குன்னு ஒதுக்கியிருக்கு. அதுக்கு மேல உள்ளது யார் வேணா விலைக்கு வாங்கலாம். கேயூஓடபிள்யூ எங்க இருக்கு தெரியுமா? 94.9.

அலைவரிசை நிலம் மாதிரி. புதுசா விளையாது. ஏரியை பிளாட் போட்டு வித்தப்புறம் மழைக்காலத்துல முதலைக்கண்ணீர் விட்டு என்ன புண்ணியம், வேளச்சேரிக்காரங்களைக் கேளுங்க.

நம்மள்ல பாதிப் பேர் எச்1பி. ஓட்டு இல்ல, ஆனா வரி உண்டு. அந்த ஒண்ணரை டாலரை நம்ம சம்பளத்துலயும் பிடிச்சிட்டுத்தான் இருந்தாங்க, நாமளும் நமக்கே தெரியாம மொய் எழுதிட்டுத்தான் இருந்தோம். இப்ப அதை நிறுத்திட்டாங்க. நிறுத்தாதேன்னு சொல்ல நமக்குச் செனட்டரும் இல்ல. அதனால பப்புக்குப் போகாதேன்னா சொல்றேன்? போங்க, தாராளமாப் போங்க, அடுத்த தடவை வெச்சா நானும் வருவேன். அங்க குடிச்சதை நன்கொடைக் கணக்குல எழுதாதீங்கன்னுதான் சொல்றேன். அதைக் காட்டி "பாரு, அரசாங்கக் காசே தேவையில்ல"ன்னு பேசறது இன்னும் மோசம். வெச்ச விருந்தையே வெச்சவனுக்கு எதிரா சாட்சி ஆக்குற வேலை.

மறுநாள் நான் பண்ணின வேலை ரொம்ப போர். ரெண்டு ஸ்டேஷனுக்கு மாசம் பத்துப் பத்து டாலர் ஆட்டோ டெபிட். ஒவ்வொண்ணுக்கும் வருஷம் 120, அதாவது ஒரு பீப்பாய். யாரும் கைத்தட்டல, டார்ட் பலகை இல்ல, டிஷர்ட் இல்ல. மூணாவதா பெத்தலுக்கும் ஒரு தொகை அனுப்பினேன், எவ்ளோன்னு சொல்ல மாட்டேன், சொல்ற அளவுக்கு இல்ல. இன்னொண்ணு, பல கம்பெனிகள் நாம கொடுக்கறதுக்குச் சமமா அவங்களும் போடுவாங்க. மைக்ரோசாஃப்ட்ல வருஷத்துக்கு 15,000 டாலர் வரை. பொது வானொலியும் அந்தப் பட்டியல்ல வரும். ரெட்மண்ட் மக்களே, உங்க உள் தளத்துல போய் ஒரு ஃபாரம் நிரப்பினா ஒரு பீப்பாய் ரெண்டு பீப்பாய் ஆகும். ஆர்எஸ்யூ விலையைப் பாக்கற நேரத்துல முடிஞ்சுடும்.

நன்றிக்கு ஒரு துணிப்பை அனுப்பியிருந்தாங்க. போன வாரம் அதை எடுத்துட்டு பெல்வியூ இண்டியன் ஸ்டோர்ல முருங்கைக்காய் வாங்கிட்டு நிக்கறேன், மதுரைக்காரன் எதிர்ல வரான். "பை நல்லாருக்கே மச்சி, எங்க வாங்கினே?"ன்னான்.

மொய் எழுதினா கொடுப்பாங்கன்னேன். "போடா டேய்"னுட்டு கறிவேப்பிலை பக்கம் போயிட்டான்.

திட்டறவங்க பின்னூட்டத்துல தாராளமாத் திட்டலாம். உள்ளூர் ஸ்டேஷனுக்கு ஏதாவது எழுதிட்டு வந்து திட்டறவங்களுக்கு முன்னுரிமை :-)